போகலாம், கட்டாயமில்லை: 2011 மார்ச்சில் ஜப்பானிலிருந்த அமெரிக்கப் படைக் குடும்பங்கள்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கடலுக்கடியில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. அதையடுத்து வந்த ஆழிப்பேரலையும், புகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்தில் நடந்ததும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே நாட்களில் ஹோன்ஷு தீவிலிருந்த அமெரிக்கப் படைத்தளங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தன. படையில் இருக்கும் கணவரோ மனைவியோ மீட்புப் பணிக்குப் போய்விட்டார். வீட்டில் இருப்பவரோடு சின்னக் குழந்தைகள். மார்ச் 17 அன்று அறிவிப்பு வந்தது: விரும்புகிற குடும்பங்கள் அரசுச் செலவில் ஜப்பானை விட்டுப் போகலாம், கட்டாயமில்லை.

போகச் சொல்லியிருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். இருக்கச் சொல்லியிருந்தால் இருந்திருப்பார்கள். உங்கள் விருப்பம் என்று விட்டதுதான் பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பங்களின் விருப்பத்துக்கு விட்டது சரியான கொள்கைதான். ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருவர் அந்த விருப்பத்தைப் பயன்படுத்த என்ன தகவல் வேண்டுமோ, அது வேண்டிய நேரத்தில் வரவில்லை. மிக முக்கியமான ஒரு பகுதி ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தது.

அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது

ஜப்பானில் குடும்பத்தோடு பணியமர்த்தப்படும் அமெரிக்கப் படைவீரருக்குப் பொதுவாக மூன்று வருடம். யோகோசுகா, அட்சுகி, யோகோட்டா மூன்றும் டோக்கியோவைச் சுற்றியுள்ள தளங்கள். மிசாவா ஹோன்ஷு தீவின் வடகோடியில், ஆவோமோரி மாநிலத்தில் இருக்கிறது. தளத்துக்குள் அமெரிக்கப் பள்ளி, மருத்துவமனை, குழந்தைக் காப்பகம், மளிகைக் கடை எல்லாம் உண்டு. தளத்தின் வாசலைத் தாண்டினால் ஜப்பான். பலர் வெளியே வீடு எடுத்துத் தங்குகிறார்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவின் ஜப்பானிய மழலையர் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. பிள்ளை ஒரே வருடத்தில் ஜப்பானியில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிடும். அம்மா அப்பாவுக்கு மின்கட்டண ரசீதைப் படிப்பதே பெரும்பாடாக இருக்கும்.

இதில் யோகோசுகாவின் நிலை இன்னும் கொஞ்சம் தனி. அது ஏழாவது கடற்படைப் பிரிவின் தாய்த் துறைமுகம். அமெரிக்காவுக்கு வெளியே நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருக்கும் ஒரே விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அதுதான் வீடு. 2008 முதல் அந்த இடத்தில் அணுசக்தியில் ஓடும் ஜார்ஜ் வாஷிங்டன் இருந்தது. கப்பலில் வேலை செய்பவரின் குடும்பம் என்றால், வருடத்தில் பல மாதம் ஒற்றைப் பெற்றோர் வாழ்க்கைதான். காய்ச்சல், பல் முளைப்பது, முதல் நாள் பள்ளி, எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்வார். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். தந்தையர் வீட்டில் இருந்து மனைவி கப்பலில் போன குடும்பங்களும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சொல்லச் சுலபமாக இருக்கட்டும் என்று இனித் தாய் என்றே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் அவசரமாக வெளியேற வேண்டிய நாள் வரலாம் என்று படைக்குத் தெரியும். போரிடாதோர் வெளியேற்றம் என்று அதற்கு ஒரு திட்டமே இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நியோ என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நியோ கோப்பு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுகள், பயண உத்தரவின் நகல், தடுப்பூசி அட்டை, நாய் பூனை இருந்தால் அவற்றின் சான்றிதழ், கணவர் பெயரில் இருப்பதை மனைவி கையாள ஒரு பவர் பத்திரம். ஒத்திகையும் நடக்கும். வரிசையில் நின்று, கோப்பைக் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவர் கடலில் இருக்கும்போது நின்று பார்த்தால்தான் அந்த வரிசையின் நீளம் தெரியும்.

முதல் ஐந்து நாள்

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். இது ஒரே ஒரு வீட்டின் கதை இல்லை; அன்று யோகோசுகாவில் இருந்த பலருடைய நிலையைச் சேர்த்துச் சொல்கிறேன். தாய், நான்கு வயது மகன், ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவர் கப்பலில். ஏழாவது பிரிவின் தலைமைக் கப்பல் புளூ ரிட்ஜ் அன்று சிங்கப்பூரில் நின்றது. அது நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஜப்பான் பக்கம் திரும்பியது, ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. பல கப்பல்கள் நேராக வடகிழக்குக் கடற்கரைக்குப் போயின. தொமோதாச்சி நடவடிக்கை என்று அந்த மீட்புப் பணிக்குப் பெயர்.

நிலநடுக்கம் முடிந்ததும் முடிந்துவிடவில்லை. பின்னதிர்வுகள் இரவு பகலாகத் தொடர்ந்தன. டோக்கியோ பகுதியில் ரயில்கள் நின்றன. நரிட்டாவில் இறங்க முடியாத பயணிகள் விமானங்கள் யோகோட்டா படைத்தளத்தில் இறங்கின. 11 விமானங்கள் அப்படி வந்தன. மிசாவாவில் மின்சாரம் போய்விட்டது. மார்ச் மாத ஆவோமோரியில் மின்சாரம் இல்லை என்றால், பால் சுடவைக்க முடியாது என்பதை விடக் குழந்தையைக் குளிரில் இருந்து காப்பதுதான் முதல் கவலை. 14ஆம் தேதி முதல் டோக்கியோ மின் நிறுவனம் சுற்று முறையில் மின்வெட்டைத் தொடங்கியது.

இதற்கிடையில் 12ஆம் தேதி புகுஷிமாவின் ஒன்றாம் உலையின் கட்டடம் வெடித்தது. 14ஆம் தேதி மூன்றாவது. 15ஆம் தேதி காலையில் இன்னும் மோசமான செய்தி, இரண்டாவது, நான்காவது உலைகளிலிருந்து. அதே 15ஆம் தேதி காலை யோகோசுகாவில் நின்றிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலின் நுண்ணிய கருவிகள் காற்றில் குறைந்த அளவு கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தன. யோகோசுகா, அட்சுகி தளங்களில் இருப்பவர்கள் முன்னெச்சரிக்கையாக வெளியில் நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளவும், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் சாதனங்களை முடிந்தவரை நிறுத்திவைக்கவும் அறிவுறுத்தப்பட்டார்கள்.

புகுஷிமா தாய்ச்சியில் இருந்து யோகோசுகா 250 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. ஜப்பான் அரசு 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியது, 20 முதல் 30 வரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. அமெரிக்க அரசு தன் மக்களுக்கு 80 கிலோமீட்டர் என்று சொன்னது. ஒரே உலை, ஒரே காற்று, இரண்டு எண்கள். எதை நம்புவது என்ற கேள்வி அப்போதே விழுந்துவிட்டது. 80 என்ற எண்ணுக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கும் தாய்க்கும் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வயதுப் பையனை எத்தனை நாள் உள்ளேயே வைத்திருப்பது? துணியை வெளியே காயப்போடலாமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

அறிவிப்புக்குப் பிறகு

17ஆம் தேதி வந்த அனுமதி ஹோன்ஷுவில் இருந்த குடும்பங்களுக்கு. ஒகினாவாவுக்கு இல்லை. நியோ திட்டத்தின்படி கட்டாய வெளியேற்றம் என்று அறிவித்திருந்தால் எல்லோரும் போக வேண்டும். இங்கே அறிவித்தது விருப்ப வெளியேற்றம். போகிறவர்களுக்கு விமானம் உண்டு, அமெரிக்காவில் தங்கும் இடத்தில் செலவுக்குப் படித்தொகை உண்டு. அந்தப் படியில் 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் தொகையில் பாதி. டயப்பரும் பால் பவுடரும் வாங்குகிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு எந்த வீட்டு நடைமுறையில் இருந்து வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வாடகைக்கு அமர்த்திய விமானங்கள் இரண்டு மூன்று நாளில் கிளம்பத் தொடங்கின. அமெரிக்கப் பக்கத்தில் சியாட்டில், டிராவிஸ் விமானப்படைத் தளம், டென்வர் ஆகிய இடங்களில் வந்திறங்கியவர்களை வரவேற்க ஏற்பாடு நடந்தது. நாய் பூனைகளையும் ஏற்றிக்கொண்டார்கள்; பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சில நாட்களில் பசிபிக்கைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். அந்தப் பக்கத்தில் இறங்கியவர்களுக்குத் தொண்டர்கள் குழந்தை உணவும் துணியும் கட்டிலும் வைத்துக் காத்திருந்தார்கள்.

சிக்கல் இந்தப் பக்கத்தில், விமானத்துக்கு முன்னால். நம் தாயின் நிலையில் யோசித்துப் பாருங்கள். ஐந்து மாதக் குழந்தை தளத்து மருத்துவமனையில் பிறந்தது. வெளிநாட்டில் பிறந்த அமெரிக்கக் குழந்தைக்குத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், பாஸ்போர்ட் வாங்க வேண்டும், படை ஒப்பந்தப்படி ஜப்பானில் தங்கும் தகுதியைக் காட்டும் முத்திரையும் வேண்டும். ஆறுதலாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்த வேலை திடீரென்று இன்றைக்கே வேண்டும் என்றாகிறது. கார் கணவர் பெயரில். வெளியே எடுத்த வீட்டின் வாடகை ஒப்பந்தமும் அவர் பெயரில். பவர் பத்திரம் இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. கோப்பைச் சரியாக வைத்திருந்த வீடுகளில் இருந்தவர்கள் குழந்தையைப் பற்றி யோசிக்க முடிந்தது. மற்றவர்கள் காகிதத்தைப் பற்றி யோசித்தார்கள்.

இதையெல்லாம் முடித்தாலும் அடிப்படைக் கேள்வி நிற்கிறது. போவதா, இருப்பதா? கணவரிடம் கேட்கலாம் என்றால் அவர் கடலில். மின்னஞ்சல் வரும்போது வரும். போனால் எத்தனை நாளைக்கு? யார் வீட்டில் தங்குவது? பையனின் பள்ளி என்னாகும்? இருந்தால், நாளைக்குக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால்? இன்னொன்றும் உண்டு. எதிர் வீட்டு ஜப்பானியக் குடும்பத்திலும் அதே வயதில் குழந்தை இருக்கிறது. அவர்களுக்கு விமானம் இல்லை. மழலையர் பள்ளி ஆசிரியை வழக்கம்போல வேலைக்கு வருகிறார். தளத்தில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான ஜப்பானிய ஊழியர்களும் அப்படித்தான். அவர்கள் முகத்தைப் பார்த்து விடைபெறுவது எளிதாக இருந்திருக்காது. இருந்துவிட்ட குடும்பங்களில் பலர் துணியும் உணவும் சேகரித்து வடகிழக்குக்கு அனுப்பினார்கள். மிசாவாவில் இருந்து குழு குழுவாகப் போய்ச் சேறு அள்ளினார்கள்.

கப்பலும் மாத்திரையும்

21ஆம் தேதி ஜார்ஜ் வாஷிங்டன் யோகோசுகாவை விட்டுக் கிளம்பியது. பராமரிப்பு வேலை பாதியில் இருந்தது; வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டே கிளம்பியது. முன்னெச்சரிக்கை என்று காரணம் சொன்னார்கள். ஒரு போர்க்கப்பலைக் கதிரியக்கத் தூசி படாமல் சுத்தமாக வைத்திருக்க அதன் தளபதிகள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால், கப்பல் கிளம்பியதற்கும் கரையில் இருப்பவர்களின் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அந்தக் கப்பலில் போனவர்களின் மனைவி மக்கள் கரையில் நிற்கிறார்கள். கப்பலுக்கு ஒரு முன்னெச்சரிக்கை, குழந்தைக்கு இன்னொன்றா என்ற கேள்வி யாருக்குத்தான் எழாது? இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கென்று தனியாக விளக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே நாட்களில் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். சொல்லும் வரை சாப்பிடக் கூடாது என்ற அறிவுரையோடு. இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் தாயின் கவலை விளங்கும். உலையில் இருந்து வெளிவரும் அயோடின்-131 உடலுக்குள் போனால் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். முன்கூட்டியே சாதாரண அயோடினால் சுரப்பியை நிரப்பிவிட்டால், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது. சிறு குழந்தையின் தைராய்டு சின்னது, வேகமாக வளர்வது. அதனால் ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான். மாத்திரையின் அளவும் வயதைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், மூன்று வயதுக்கு மேல் 65, ஒரு மாதத்தில் இருந்து மூன்று வயது வரை 32, பிறந்து ஒரு மாதத்துக்குள் 16.

சரி, மாத்திரையை ஐந்து மாதக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? கரண்டியால் பொடியாக்கி, தண்ணீரில் கரைத்து, பால் பவுடர் பாலிலோ ஆரஞ்சு சாற்றிலோ கலந்து, அதில் இருந்து வயதுக்கு ஏற்ற அளவைத் தேக்கரண்டியால் எடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கொடுத்தால் உப்பும் கசப்புமாக இருக்கும், குழந்தை துப்பிவிடும். சொல்லாமல் சாப்பிட்டாலும் பிரச்சினை. பச்சிளம் குழந்தைக்கு அதிக அயோடின் தைராய்டு வேலையையே குறைத்துவிடலாம். ஆக, சமையலறை மேசையில் ஒரு சின்னப் பொட்டலம். எப்போது சாப்பிடச் சொல்வார்கள் என்று தெரியாது. மின்வெட்டு நேரத்தில் அந்த உத்தரவு வந்தால் எப்படித் தெரியும் என்பதும் தெரியாது. கடைசிவரை அந்த உத்தரவு வரவே இல்லை. அதற்கான அளவுக்குக் கதிரியக்கம் அங்கே போகவில்லை.

தகவல் தர யாரும் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். தளங்களில் கூட்டங்கள் நடந்தன, படையின் வானொலியும் தொலைக்காட்சியும் ஓடின, பேஸ்புக் பக்கங்களில் கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். 2011ல் ஒரு படைத்தளம் அப்படிச் செய்தது பாராட்ட வேண்டியது. ஆனால் பதில்கள் பெரும்பாலும் எல்லோருக்குமான பதில்கள். ஆபத்து குறைவு, கவனமாக இருங்கள் என்ற வகை. தாய்மார்கள் கேட்டதோ வயதுவாரியான கேள்வி.

டோக்கியோ மாநகரம் செய்தது

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உதாரணம் அதே வாரத்தில் பக்கத்திலேயே இருக்கிறது. டோக்கியோவின் கனமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 22ஆம் தேதி எடுத்த மாதிரியில் லிட்டருக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 இருந்தது. ஜப்பானில் அப்போதைய வரம்பு பெரியவர்களுக்கு 300, கைக்குழந்தைகளுக்கு 100. மறுநாளே மாநகர அரசு சொன்னது: ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்காதீர்கள், பெரியவர்கள் குடிக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு 550 மில்லி பாட்டில் மூன்று வீதம், மொத்தம் 2,40,000 பாட்டில்கள் ஒதுக்கினார்கள். 24ஆம் தேதி அளவு 79 ஆகக் குறைந்ததும் அறிவுரையை விலக்கினார்கள்.

கடைகளில் பாட்டில் தண்ணீர் காலியானது உண்மை. பதற்றம் ஏற்பட்டது உண்மை. ஆனாலும் ஒரு தாய்க்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். எண் எவ்வளவு, அது எந்த வயதுக்கு அதிகம், நான் என்ன செய்ய வேண்டும், எப்போது நிறுத்தலாம். நான்குமே இரண்டு நாளுக்குள் வந்துவிட்டன. கனமாச்சிக்குத் தண்ணீர் எடோ என்ற ஆற்றில் இருந்து வருகிறது, யோகோசுகாவின் தண்ணீர் அங்கிருந்து வருவதில்லை. அதையும் யாராவது ஒரே வரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியிருந்தால், அன்றைய இரவு எத்தனையோ பேர் தூங்கியிருப்பார்கள்.

பதில் வந்த நேரம்

ஏப்ரல் நடுவில் விருப்ப வெளியேற்றம் விலக்கப்பட்டது, குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டது. மார்ச் 12 முதல் மே 11 வரை அறுபது நாட்களில் ஜப்பானில் இருந்த படையினர், குடும்பத்தினர், ஊழியர்கள் என ஏறக்குறைய 75,000 பேருக்கான தொமோதாச்சி பதிவேடு அது. பதின்மூன்று இடங்களுக்குத் தனித்தனியாகக் கதிர்வீச்சு அளவை மதிப்பிட்டார்கள். வயதுப் பிரிவும் உண்டு: ஒரு வயதுக்குள், ஒன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து ஏழு என்று பெரியவர்கள் வரை. எல்லோரும் அறுபது நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் வெளியிலேயே இருந்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அதனால் உண்மையான அளவு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தும் உடல்நலத்தைப் பாதிக்கும் அளவு இல்லை என்பது அவர்கள் முடிவு. எதிர்பார்த்தபடியே தைராய்டு மதிப்பீடு பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்கு அதிகமாக வந்தது.

முடிவுகள் 2012ல் வெளியாயின. கருவில் இருந்த சிசுக்களுக்கும் தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கும் தனியாக ஓர் அறிக்கையும் போட்டார்கள். நல்ல வேலை, கவனமான வேலை. ஆனால் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று 2011 மார்ச்சில் கேட்ட தாயின் குழந்தை அதற்குள் நடக்கவும் பேசவும் தொடங்கியிருக்கும்.

துல்லியமான அளவீடு மார்ச்சிலேயே சாத்தியமில்லை என்று வாதிடலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துல்லியம் வேண்டியிருக்கவில்லை. இத்தனை அளவைத் தாண்டினால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளை அனுப்பச் சொல்வோம், இப்போது அதில் இவ்வளவுதான் இருக்கிறது என்று வயதுவாரியாக ஒரு தாள் போதும். அந்த வரம்புகள் மருத்துவர்களிடம் அன்றே இருந்தன. மாத்திரையின் அளவையே வயதுவாரியாகப் பிரித்திருந்தார்களே.

நியோ திட்டத்தை இன்றும் ஒவ்வொரு தளத்திலும் ஒத்திகை பார்க்கிறார்கள். என் பரிந்துரை அந்த ஒத்திகைக்குத்தான். ஒரு முறையாவது கப்பல் கடலில் இருக்கும் மாதத்தில், கணவரோ மனைவியோ இல்லாமல், கைக்குழந்தைகளோடு நடத்திப் பாருங்கள். புதிதாகப் பிறந்த குழந்தையின் பாஸ்போர்ட்டை முதல் தடுப்பூசிச் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள். பவர் பத்திரம் இல்லாமல் யாரையும் கப்பலில் ஏற்றாதீர்கள். குழந்தை மருத்துவர் ஒருவரை அவசரக் குழுவில் உட்காரவைத்து, தளத் தளபதியின் ஒவ்வொரு அறிவிப்புக்கும் கீழே மூன்று வயதுக்குள் உள்ளவர்களுக்கு என்று ஒரு பத்தியை அவரையே எழுதச் சொல்லுங்கள்.